ஒன்பது பேருக்கும் ஒரே தனிச்சிறப்பு

எங்கள் பள்ளிக்கூடம் சின்னது. கல்முனைக்குள் பெரிய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள், இடம் கிடைத்தும் காலையில் பஸ்ஸுக்கு எழும்ப முடியாத பிள்ளைகள், காக்காவும் ராத்தாவும், அதாவது அண்ணனும் அக்காவும், இங்கே படித்த பழக்கத்தில் தாமும் வந்து சேர்ந்த பிள்ளைகள், இவர்கள்தான் எங்களிடம் படிப்பார்கள். எங்களிடம் என்று சொல்கிறேனே தவிர நான் படிப்பிக்கிறவள் இல்லை. பள்ளிக்கூடத்துக் கன்டீன் என்னுடையது. கேற்றுக்கு உள்ளே வாகை மரத்துக்குக் கீழே தகரம் போட்ட ஒரு கொட்டில். எத்தனையோ அதிபர்மார் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். கன்டீன் மாறவில்லை. ஆகவே எங்களிடம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எழுதுவதும் அப்படித்தான், ஆறுதலாக வரும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் உளுந்து வடையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அது வரும். இந்தக் கரையில் பருப்பு வடை யாரும் சுடுவார்கள். உளுந்து வடை அப்படியல்ல. மாவு கையில் நிற்க வேண்டும், நடு விரலால் ஓட்டை போட வேண்டும், எண்ணெய்க்குள் விடும்போது வட்டம் குலையக் கூடாது. கல்விக் கந்தோரிலிருந்து பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வருகிறவர்கள் சோதித்து முடிந்ததும் நேராக என் கொட்டிலுக்குத்தான் வருவார்கள். சோதனையில் பிழை கண்டவர்கள் உண்டு. வடையில் கண்டவர் இல்லை. அதாவது பெரியவர்களில் இல்லை.

அந்த வருசம் உயர்தரம் முடித்துப் போக இருந்தவர்கள் ஒன்பது பேர். ஆறு பெண் பிள்ளைகள், மூன்று ஆண் பிள்ளைகள். அவர்களோடு அதிபரும் பென்சன் எடுத்துப் போக இருந்தார். நல்ல மனிதர். என்னைவிட வயதில் இளையவர், ராத்தா என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே போன பிறகு என் வாங்கில், கொட்டிலுக்கு முன்னால் கிடக்கும் நீளப் பெஞ்சில், வந்து உட்கார்ந்தார்.

"ராத்தா, இந்த ஒம்பது பேரையும் ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"அவங்கட வயிறு தெரியும் சேர். தலைக்குள்ள என்ன இரிக்கி எண்டு நீங்கதான் சொல்லணும்."

"அதுதான் எனக்கும் தெரியல்ல," என்றார். "வருசா வருசம் பிரியாவிடை செய்றம். ஒரே ஷீல்ட், ஒரே வசனம், ஒரே போட்டோ. பெருநாளைக்கு றோட்டுல பழைய புள்ளையள் சலாம் சொன்னா நான் முழிக்கன் ராத்தா. ஆரு இவன், என்ன செஞ்சவன், ஒண்டும் ஞாபகம் இல்ல. போறதுக்கு முன்னுக்கு ஒரு தரமாவது சரியாச் செய்யணும். ஒவ்வொரு புள்ளையும் தனக்கு மட்டும் உரிய ஒரு சொல்ல அந்த மேடையில நிண்டு தன்ட காதால கேட்டுட்டுப் போகணும். ஒம்பது பேரும். ஒண்டும் மிச்சம் விழப்படா. அது நடந்தாத்தான் பென்சன் எடுத்தாலும் எனக்கு நித்திரை வரும்."

முதலில் ஆசிரியர்மாரைக் கேட்டிருக்கிறார். எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். ஒழுக்கமானவர், பணிவானவர், பெரியோரை மதிப்பவர் என்று ஒன்பது பேருக்கும் அதேதான். ஒரு ஆசிரியர் இன்னும் கொஞ்சம் கூட எழுதி, படிப்பை விட்டுக் கட்டாருக்குப் போய்விட்ட ஒரு பொடியனையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு எழுதியிருந்தார். அவனும் பணிவானவன்தானாம்.

ஆகவே அதிபர் தானே பார்ப்பது என்று முடிவெடுத்தார். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்று பார்த்தார், மாடிப் படிக்குக் கீழே நின்று பார்த்தார். யாரோ சிகரெட் குடிப்பதைப் பிடிக்கத்தான் சேர் ஒளித்திருக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கிழமை முழுவதும் ஒன்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலையோடு, ஒருவரைப் போல ஒருவர் நடந்தார்கள். ஆசிரியர்மார் எழுதிக் கொடுத்தது சரிதானோ என்று அதிபருக்கே ஐமிச்சம் வந்துவிட்டது. பிறகு பிள்ளைகளுக்கு அவருடைய ஒளிப்பு பழகிப் போயிற்று. "சேர், கொஞ்சம் அங்கால தள்ளி ஒளிச்சு நில்லுங்க, பைப்பத் திறக்கணும்" என்று சொல்லும் அளவுக்குப் பழகிற்று. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது.

ஒருத்தி சிரிக்கிறவள். மற்றவர்கள் பகிடியைச் சொல்லி முடிக்கு முன்னமே தொடங்கிவிடுவாள், நிறுத்தத் தெரியாது. ஒருத்தி ஏன் என்று கேட்கிறவள். மௌலவியிடமும் கேட்பாள், கணக்கு வாத்தியாரிடமும் கேட்பாள், என் கொட்டிலில் ஈ ஏன் ரோல்ஸில் மட்டும் குந்துகிறது என்றும் கேட்டிருக்கிறாள். ஒருத்தி காலைக் கூட்டத்தில் நின்றபடியே நித்திரை கொள்கிறவள், விழ மாட்டாள். சம்மாந்துறைப் பக்கம் வயலும் நெல்லு மில்லும் வைத்திருக்கும் போடியாரின் மகன் ஒருவன். அவன் வானத்தைப் பார்த்து மழை வரும் என்று முதலில் சொல்கிறவன். இன்னொருவன் நிலத்தைப் பார்த்தே நடப்பான், ஊரில் யார் எதைத் தொலைத்தாலும் அவன் கையில்தான் அகப்படும். இப்படி எட்டுப் பேருக்கும் எட்டுச் சொல் அதிபருக்குக் கிடைத்துவிட்டது.

"ஒண்டுதான் ராத்தா கிடைக்குதில்ல," என்றார், மறுபடி ஒரு நாள் வந்து. "அந்த மெலிஞ்ச புள்ள. வகுப்புல வாய் திறக்கிறல்ல. நானும் எவ்வளவோ பாத்துட்டன்."

அந்தப் பிள்ளையின் உம்மா கட்டாரில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள். வாப்பா அவளுடைய சின்ன வயதிலேயே மௌத்து, இறந்துபோனார். சாச்சி வீட்டில், உம்மாவின் தங்கை வீட்டில், இருந்து படிக்கிறாள். சாச்சிக்கு அடுத்தடுத்து நாலு கைக்குழந்தை, பள்ளிக்கூடத்துப் பக்கம் வர நேரமில்லை. வகுப்பில் அவள் வாய் திறப்பதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். என் கொட்டிலில் அவள் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது என் வியாபாரத்தோடு சேர்ந்த விசயம், சேருக்குச் சொல்லவேண்டியது இல்லை. "பொறுங்க, அம்பிடும்" என்று சொல்லி ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன்.

இவ்வளவும் இரகசியமாக நடந்தது. அதாவது எட்டுச் சொல்லும் கிடைத்த பிறகு இரண்டு நாள் இரகசியமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் சிரிக்கிறவளின் உம்மா அபாயாவுக்கு மேல் குடையையும் பிடித்துக்கொண்டு கேற்றால் வந்தாள்.

"சேர், என்ட புள்ள சிரிக்கிறவள் எண்டு மைக்குல சொல்லப் போறீங்களாமே?"

"நல்ல விசயம்தானே டீச்சரம்மா," என்றார் அதிபர். அவளும் ஒரு காலம் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள்.

"நல்ல விசயமா? வீட்டுல கலியாணத்துக்குக் கொமர் இரிக்கி சேர். நாளைக்கு மாப்பிள்ள வீட்டார் விசாரிச்சு வந்தா ஊரார் என்ன சொல்லுவாங்க? ஓ, அந்தச் சிரிக்கிற புள்ளையா எண்டு கேப்பாங்க. பைத்தியம் எண்டு கதை கட்ட இது காணும்!"

அவள் போகவில்லை, அதற்குள் போடியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

"மழை வரும் எண்டு சொல்றவனாம் என்ட மகன். அதத் தவளையும் சொல்லும் சேர். இவ்வளவு காலம் படிப்பிச்சு அவனத் தவளையாக்கித்தான் அனுப்பப் போறீங்களா?"

நின்று நித்திரை கொள்கிறவளின் வாப்பா வந்தார். பொருள் கண்டெடுக்கிறவனின் மாமா வந்து, இப்படிச் சொன்னால் ஊரில் களவு போனதெல்லாம் இவன் தலையில்தான் விழும் என்றார். ஏன் என்று கேட்கிறவளின் வாப்பாவுக்கு மட்டும் பட்டத்தில் குறை இல்லை. ஆனால் போடியார் மகனுடைய பட்டம் வாசிக்க நீளமாக இருக்கிறது, தன் மகளுடையது கட்டையாக இருக்கிறது, அதே நீளத்துக்கு வேண்டும் என்றார்.

கடைசியில் பெற்றார் கூட்டம் வைக்க வேண்டியதாயிற்று. கூட்டத்துக்கு வடையும் தேத்தண்ணியும் நான். ஆகவே வாசலில் நின்று எல்லாம் கேட்டேன். ஒருவர் கல்விச் சுடர் என்றார். இன்னொருவர் அறிவுத் தாரகை என்றார். ஒருவருடைய பிள்ளைக்குச் சுடர் என்றால் தன் பிள்ளைக்குச் சூரியன் வேண்டும் என்றார் போடியார். அதிபர் எழும்பி, "வாப்பாமாரே, உம்மாமாரே, ஒவ்வொரு புள்ளையும் வேற வேற. அதத்தான் நான் சொல்ல வாறன். ஒவ்வொண்டும் தனிச்சிறப்பு மிக்கது" என்று கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார்.

பெற்றார் குழுவின் செயலாளர், அவர் முன்பு அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர், மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"சேர் சொன்னதே நல்ல சொல்லுதானே. எல்லாருக்கும் 'தனிச்சிறப்பு மிக்கவர்' எண்டே போட்டுருவம். ஒருத்தருக்குக் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

எல்லாரும் கையை உயர்த்தினார்கள். ஒருவர் ஆமீன் என்றும் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு அதிபர் என் வாங்கில் வந்து உட்கார்ந்தார். வடையைக் கையில் வைத்திருந்தார், சாப்பிடவில்லை.

"ஒம்பது பேரும் தனிச்சிறப்பாம் ராத்தா. ஒரே அச்சுல."

"ஷீல்ட் அடிக்கிறவனுக்கு லேசு சேர்," என்றேன்.

கல்முனையில் ஷீல்ட் செய்து கொடுத்தவருக்கு அது லேசாகத்தான் போயிற்று. எல்லாவற்றிலும் ஒரே வசனம்தானே, பெயர் எதற்கு என்று பெயரை அடிக்காமலே விட்டுவிட்டார். ஒன்பது ஷீல்டும் வந்து இறங்கின. தங்கக் கரை, நடுவில் 'தனிச்சிறப்பு மிக்கவர்'. யாருடையது எது என்று அவர்களைப் படைத்தவனுக்குத்தான் தெரியும்.

விழா நாள் வந்தது. எங்கள் ஊர் விழாக்களில் பிரதம அதிதி என்று ஒருவர் இருப்பார். பிறகு கௌரவ அதிதி, விசேட அதிதி, சிறப்பு அதிதி, அழைப்பு அதிதி என்று வரிசையாக இருப்பார்கள். யாரையும் விட முடியாது, விட்டால் பெருநாளைக்கும் கதைக்க மாட்டார்கள். மேடையில் மூன்று வரி கதிரை போட்டும் காணாமல் என் வாங்கையும் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற பிள்ளைகள் ஒன்பது பேரும் மேடைக்குக் கீழே, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் இருந்தார்கள். அங்கேயிருந்து பார்த்தால் அவர்களுடைய தொப்பியும் பர்தாவும் மட்டும் தெரிந்தன.

அதிதிகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் போர்த்த, ஒருவர் மாலை போட, ஒருவர் ஷீல்ட் கொடுக்க. அந்த ஷீல்டுகளில் பெயர் இருந்தது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பட்டமும் இருந்தது. சேவைச் செம்மல், மக்கள் மாணிக்கம், கடலோரக் காவலன். கடலோரக் காவலன் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். கடல் பக்கம் போனால் அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகும். பென்சன் எடுக்கும் அதிபருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவர் குளிரில் நடுங்குகிறவரைப் போல அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார்.

பேச்சு முடிய மதியத் தொழுகைக்கான ளுஹர் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிவிட்டது. அறிவிப்புச் செய்த ஆசிரியருக்கு வானொலிக் குரல். "தனிச்சிறப்பு மிக்கவர்!" என்று இழுத்தார். ஒரு பிள்ளை ஏறியது. கைதட்டல். "தனிச்சிறப்பு மிக்கவர்!" அடுத்தது ஏறியது. ஐந்தாவதுக்கு வரும்போது குரல் களைத்துப் போய், "அடுத்த தனிச்சிறப்பு" என்று மட்டும் சொன்னார். கடைசியாக ஏறியது அந்த மெலிந்த பிள்ளை. அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஷீல்டைக் கையில் திணித்து இறக்கினார்கள். நான் அதிபரைப் பார்த்தேன். அவர் தன் பொன்னாடையின் குஞ்சத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பார்சல் சோறு என்றுதான் ஏற்பாடு. தொழுகை முடிந்து வந்து பார்த்தால் பார்சல் ஒன்றும் இல்லை. அதிதிகள் எடுத்தார்கள், அதிதிகளின் டிரைவர்மார் எடுத்தார்கள், கடலோரக் காவலனின் டிரைவர் வீட்டுக்கும் ஒன்று எடுத்தார். நல்ல வேளையாகக் கிடாரத்தில் நெய்ச்சோறு மிச்சம் இருந்தது, கோழியும் இருந்தது. நான் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு சஹன் வாங்கினேன். சஹன் என்றால் எங்கள் விருந்துகளில் ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடும் பெரிய தாலம். மேடைக்கு முன்னால் பாயை விரித்து ஒன்றில் பெண் பிள்ளைகளையும் கொஞ்சம் தள்ளி மற்றதில் ஆண் பிள்ளைகளையும் இருத்தினேன். செம்பும் சட்டியும் கொண்டுபோய்க் கையைக் கழுவ வைத்தேன். உம்மாமார் சுற்றி நின்றார்கள்.

சஹனில் இருந்து சாப்பிடும் ஒருவரை மறைக்க முடியாது. ஒருத்தி தன் பக்கத்துச் சோற்றைச் சுற்றி வயல் வரம்பு போலக் கரை கட்டினாள். ஒருத்தி வரம்பை மெதுவாகக் குடைந்து முந்திரிக் கஜு பொறுக்கினாள். ஏன் என்று கேட்கிறவள், நடுவில் இருக்கும் முட்டையை யாரும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். அதைக் கேட்டுச் சிரிக்கிறவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறையச் சோறு. அது எங்கே போகும்? எதிரில் இருந்தவளின் பர்தாவில் போய் ஒட்டிற்று.

அவளுடைய உம்மாவுக்கு மானம் போயிற்று. "பாருங்ககா இவள! வீட்டுலயும் இப்பிடித்தான். மௌத்து வீட்டுலயும் சிரிச்சவள் இவள்!"

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு மரியாதை இருக்கிறது. ஒரு தாய் தன் பிள்ளையைக் குறை சொன்னால், கேட்கிற தாய் 'ஓம், அப்படித்தான்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் அது ஏழு தலைமுறைக்கும் பகை. சும்மா இருந்தாலும் பகைதான். தன் பிள்ளையை அதைவிட மோசமாகச் சொல்லி அவளைத் தேற்ற வேண்டும். அப்படித்தான் பக்கத்தில் நின்றவள் உடனே எடுத்தாள்.

"அது பரவால்லகா. சிரிச்சாக் காரியமில்ல. என்டவள் நிண்டு நித்திரை கொள்றாள். அடுப்படியில நிண்டுகொண்டு கொறட்டை விட்டவள். பால் பொங்கி ஊத்துது, இவள் சாமான் அலுமாரி மாதிரி நிக்கிறாள்!"

"நித்திரை கொண்டா வாய் மூடியிரிக்கும்தானேகா," என்றாள் மூன்றாவது தாய். "என்டவள் ஏன் ஏன் எண்டு கேட்டு அவட வாப்பா வீட்டுக்கு வரவே பயப்படுறார். ஆலிம்சாகிட்ட கேட்டாள் கா, நூஹ் நபிட கப்பலுக்குள்ள நுளம்ப ஏன் ஏத்தின எண்டு!"

மேடையின் மூலையில் அதிபர் எழும்பியதை நான் கண்டேன். ஸ்பீக்கர்காரர் சாப்பிடப் போயிருந்தார். மைக் தண்டில் சும்மா நின்றது. அதிபர் அதைக் கழற்றினார், பொன்னாடைக்குள் வைத்தார், ஒன்றும் தெரியாதவரைப் போலப் படியிறங்கி வந்து உம்மாமார் பக்கத்தில் நின்றார். வயர் அவருக்குப் பின்னால் பாம்பு போல இழுபட்டு வந்தது.

ஸ்பீக்கர் குழல்களை வாகை மரத்தில் றோட்டைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். அதனால் உள்ளே நின்றவர்களுக்குத் தங்கள் குரலின் எதிரொலிதான் கேட்டது, அதுவும் தங்கள் சத்தத்துக்குள்ளேயே அமுங்கிற்று. வெளியே கேட்க வேண்டியவர்களுக்கு நன்றாகக் கேட்டது. சந்தையில் கேட்டது, பள்ளிவாசலில் கேட்டது, கடற்கரையில் கரைவலை இழுத்தவர்கள் வலையை விட்டுவிட்டுக் கேட்டார்களாம்.

போடியாரின் பெண்சாதி பின்நிற்கவில்லை. "என்டவன் மழை வருது எண்டு சொல்லி காயப்போட்ட நெல்லையெல்லாம் அள்ளிக் குவிக்க வச்சவன், ஒரு துளி விழல்ல. அடுத்த நாள் அள்ளாம விட்டம், அண்டைக்கு மழை! வாப்பாவ முழுப் பைத்தியமாக்கிட்டான்." பொருள் கண்டெடுக்கிறவனின் உம்மா, அவன் தொலையாத பொருளையும் கண்டெடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். பள்ளிவாசல் வாசலில் இருந்து ஒருமுறை பாங்கு சொல்லும் மோதினாரின் செருப்பையே எடுத்துக்கொண்டு வந்து சொந்தக்காரரைத் தேடினானாம். பொன்னாடை ஒருத்தியிலிருந்து அடுத்தவளுக்கு மெல்ல மெல்ல நகர்ந்தது. இவ்வளவு நாளும் மறைத்து, கூட்டம் வைத்து, கை உயர்த்தித் தடுத்த அத்தனையும் அவர்களுடைய வாயாலேயே மரியாதைக்காக வெளியே வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வெட்கம்தான். ஆனால் ஒவ்வொருவரும் தன்னுடைய முறை வரும்போது முதுகை நிமிர்த்தியதை நான் பார்த்தேன்.

எட்டுப் பேர் முடிந்தது.

பிறகு ஒரு இடைவெளி விழுந்தது. மெலிந்த பிள்ளைக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அவளைக் குறை சொல்ல ஆள் இல்லை. மற்ற உம்மாமார் சொல்ல முடியாது, மற்றவள் பிள்ளையைக் குறை சொல்வது மரியாதை இல்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், குடையைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் தலையைக் குனிந்து ஒரு பருக்கையை விரலால் இங்கேயும் அங்கேயும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அதிபர் என்னைப் பார்த்தார். பொன்னாடை என் பக்கம் திரும்பிற்று.

அதற்குள் என்ன இருக்கிறது என்று அங்கே நின்ற பெண்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும். நான் என் கைச் செம்பைக் கீழே வைத்தேன்.

"நீங்க எல்லாம் என்னகா சொல்றீங்க," என்று தொடங்கினேன். "நான் படுற பாட்டுக்கு இதெல்லாம் ஒண்டுமில்ல. இந்தப் புள்ளையப் போல ஒண்ட நான் காணல்ல. சின்னதுல இரிந்து என்ட கடைக்கு வாறாள். வடைய வாங்கினா வாயில வைக்கணுமா இல்லையா? இவள் கண்ணுல வைக்கிறாள்! ஓட்டைக்குள்ளால என்னப் பாத்துட்டுச் சொல்றாள், மூத்தம்மா, நேத்து ஒங்கட மூக்கு மட்டும்தான் தெரிஞ்சிச்சு, இண்டைக்கு முழு மொகமும் தெரியுது, உளுந்து வெல ஏறிட்டுப் போல எண்டு! நான் விரலால போடுற ஓட்டை. என்ட விரல் நாளுக்கு நாள் வீங்குதா? ஒரு நாள் ரெண்டு வடைய ரெண்டு கண்ணுலயும் வச்சிட்டு, மூத்தம்மா, எனக்கு இனிக் கண்ணாடி வேணாம், கடற்கரை வரைக்கும் தெரியுது எண்டவள். இன்னொரு நாள் கையில கிடந்த காப்பக் கழட்டி ஓட்டைக்குள்ள விட்டுப் பாத்தவள்கா! கந்தோர்ல இரிந்து வாற பெரிய பெரிய ஆக்கள் ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லல்ல. இவள் மட்டும்தான் இந்த ஊருலயே என்ட வடைய ஓட்டையில இரிந்து பாத்தவள்!"

அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தினாள். வகுப்பில் வாய் திறக்காதவள்.

"காப்புப் போகல்ல மூத்தம்மா," என்றாள். "மோதிரம்தான் போனது."

சிரிக்கிறவள் வெடித்தாள். அதிபரின் கை ஆடியது, பொன்னாடை விலகியது, மைக் வெளியே வந்தது. வாகை மரத்திலிருந்து அந்தச் சிரிப்பு நூறு பேர் சிரிப்பதைப் போலக் கிளம்பிற்று. காகமெல்லாம் எழும்பிப் பறந்தது. அப்போதுதான் உம்மாமாருக்கு விளங்கியது.

"யா அல்லாஹ்! இவ்வளவு நேரமும் மைக்குலயா?"

"சேர்! என்ன வேல சேர் இது!"

கேற்றடியில் றோட்டுச் சனம் கூடிவிட்டது. ஒரு தாய் அதிபரின் பொன்னாடையைப் பிடித்து இழுத்தாள். போடியார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே உள்ளே ஓடி வந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய மகன் சஹனிலிருந்து எழும்பி, கறிக் கையை வானத்துக்கு நீட்டி, "மழை வரப் போகுது!" என்று சத்தம் போட்டான். அவ்வளவுதான். சனம் எல்லாவற்றையும் மறந்து கதிரையைத் தூக்கியது, பாயைச் சுருட்டியது, ஸ்பீக்கர்காரர் வாய்ச் சோற்றோடு மரத்தில் ஏறினார். கடலோரக் காவலன் தலையில் ஷீல்டைப் பிடித்துக்கொண்டு வாகனத்துக்கு ஓடினார்.

மழை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அந்தக் கிழமையும் வரவில்லை.

அடுத்த நாள் இரவுத் தொழுகைக்கு முன் என் போன் அடித்தது. கட்டாரிலிருந்து அந்தப் பிள்ளையின் உம்மா. யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்.

"ராத்தா, என்ட புள்ளையப் பத்தி ஊருக்கே கேக்கக் கதைச்சீங்களாமே?"

நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன். "ஓம் புள்ள. கதைச்சன். சொல்ல ஆளில்லாம நிண்டிச்சு. கோவமா?"

அதற்கு அவள் தொடங்கினாள்.

"நீங்க கண்டது காணாது ராத்தா! சின்னதுல இடியப்ப உரலத் தூக்கி அதுக்குள்ளால என்னப் பாத்தவள். பனியாரச் சட்டி ஓட்டையாப் போச்சு, எறியப் போனன், விட்டாளா? அதுக்குள்ளாலயும் பாக்கணுமாம். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியத் தலையில போட்டுட்டு..."

நிறுத்தவே இல்லை. மூச்சு விடாமல் குறை சொன்னாள், ஒரு தாய் சொல்ல வேண்டிய மாதிரி. நான் இடைக்கிடை "அது பரவால்ல புள்ள" என்று மட்டும் சொன்னேன். கார்ட் முடிந்து லைன் போகும் வரைக்கும் சொன்னாள்.

அதிபர் பென்சன் எடுத்துவிட்டார். இரண்டு வீட்டார் இன்னும் அவரோடு கதைப்பதில்லை. ஆனால் சிரிக்கிறவளின் உம்மா பெருநாளைக்கு வட்டிலப்பம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஒரு நாள் அதிபர் கேற்றால் வந்து என் வாங்கில் உட்கார்ந்தார். முகம் நல்ல தெளிவாக இருந்தது.

"ஒம்பதும் முடிஞ்சிது ராத்தா," என்றார். "இப்ப நல்ல நித்திரை."

வடை ஒன்றை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கண்ணுக்குத் தூக்கினார்.

அவர் மட்டுமில்லை. இப்போது ஊரில் யார் வந்தாலும் இதே வேலைதான். கந்தோர்க்காரரும் செய்கிறார், மோதினாரும் செய்கிறார். கண்ணில் வைத்துப் பார்க்காமல் ஒருவரும் வாயில் வைப்பதில்லை. ஓட்டையைச் சின்னதாக்கச் சொல்லி என் மகனும் சொன்னான். ஏன் ஆக்க வேண்டும்? என் விரல் அளவு அது, அளவு சரி. பார்க்கட்டும். இந்தப் பக்கம் நான்தான் நிற்கிறேன்.